அக்காவுக்கு வரவேண்டிய பொறுப்பு

எங்கள் வேலைத்தளத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்களில் நான் மூன்றாவது ஆள். எனக்கு முன்னிருந்த இரண்டு பேருக்கும் அது முறையாக வந்தது. எனக்கு வந்த விதத்தை எட்டு வருடமாக நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, என் மனைவிக்குக்கூட.

நாங்கள் லொறிக்குப் பொடி, அதாவது பின்னால் பாரம் ஏற்றும் பெட்டி, கட்டுகிறவர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் புது லொறி மொட்டையாகத்தான் வந்து சேரும். முன்னால் சாரதி இருக்கிற அறை, பின்னால் நீண்டு கிடக்கிற இரண்டு இரும்புச் சட்டங்கள், கீழே சக்கரங்கள், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தைச் சேசி என்போம். அதன்மேல் நெல் ஏற்றவோ, மணல் ஏற்றவோ, மாடு ஏற்றவோ ஆளுக்கேற்றபடி பெட்டி கட்டி, பெயின்ற் அடித்து வீதிக்கு விடுவது எங்கள் வேலை. கிளிநொச்சியில் கண்டி வீதியிலிருந்து இறங்கும் ஒரு கிறவல் மண் போட்ட ஒழுங்கையின் முடிவில் இருக்கிறோம். பெயர்ப்பலகை இல்லை. தேவையானவர்கள் கேட்டு வந்துவிடுவார்கள்.

தொடங்கியவரை நாங்கள் ஐயா என்போம். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த குடும்பம். வயலுக்குப் போகச் சொல்லித் தகப்பன் அனுப்ப, அவர் பழுதான உழவு இயந்திரங்களுக்குக் கீழே படுத்துக் கிடந்தாராம். அதிலிருந்து வளர்ந்ததுதான் வேலைத்தளம். பிறகு ஐயாவுக்கு இருதயத்தில் கோளாறு வந்து வவுனியாவுக்கு வைத்தியத்துக்குப் போக, சண்டையில் பாதை மூடப்பட்டு அங்கேயே நிற்கவேண்டி வந்தது. அப்போது பொறுப்பை எடுத்தவர் அவருடைய தம்பி, எங்களுக்குச் சின்னவர். நான் வேலைக்குச் சேர்ந்தது அவருடைய காலத்தில். டீசல் இல்லாமல் லொறிகள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. இடம்பெயரும்போதெல்லாம் இயந்திரங்களை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு போய், போன இடத்தில் ஒரு மரத்தடியில் இறக்கி, அடுத்த நாளே வேலையைத் தொடங்கிவிடுவார். உடையார்கட்டில் ஷெல் வீச்சில் அவரையும் இயந்திரங்களையும் ஒரே நாளில் இழந்தோம்.

சண்டையெல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது கூரையில்லாத சுவர்கள்தான் இருந்தன. ஐயா வவுனியாவிலிருந்து ஒரு வெல்டிங் இயந்திரத்தோடும் மகளோடும் வந்து மறுபடி தொடங்கினார். பழைய ஆட்களில் மிஞ்சியது நான் மட்டும். அதனால் எனக்கு அங்கே ஒரு தனி மரியாதை இருந்தது.

ஐயாவின் ஒரே பிள்ளை அந்த மகள். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணிதப் பிரிவில் உயர்தரம் படித்தவர். சண்டையால் பல்கலைக்கழகம் போகமுடியவில்லை. கல்யாணமும் செய்யவில்லை. வந்த முதல் வாரத்திலேயே அளவு நாடாவோடு சேசியைச் சுற்றத் தொடங்கினார். அதுவரை நாங்கள் கண்ணால் பார்த்து, பழைய லொறியை மாதிரி வைத்துத்தான் கட்டிக்கொண்டிருந்தோம். அக்கா ஒவ்வொரு லொறிக்கும் சதுரக்கோட்டுக் கொப்பியில் படம் கீறினார். பாரம் எங்கே விழும், பின்சக்கரத்துக்கு அப்பால் பெட்டி எவ்வளவு நீளலாம், குறுக்குச் சட்டங்களுக்கு நடுவில் எத்தனை அங்குலம் எல்லாம் அதில் இருக்கும். அக்காவின் படத்தில் கட்டிய லொறிகள் வளைவில் சாயாமல் ஓடின. சாரதிகள் தாங்களாகவே வந்து சொன்னார்கள்.

ஒருநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஐயா சொன்னார்: "எனக்குப் பிறகு இவள்தான் இஞ்ச பொறுப்பு. பொம்பிளைக்குக் கீழ வேலை செய்ய ஆருக்கும் கஷ்டமெண்டால் இப்பவே சொல்லிப்போடுங்கோ."

நாங்கள் சிரித்தோம். "அக்கா இப்பவும் எங்களை மேய்க்கிறாதானே ஐயா" என்று நானே சொன்னேன். ஆனால் உள்ளே ஒன்று குத்தியது. சின்னவரோடு மரத்தடிகளில் இரும்பு தூக்கியவன் நான். அந்த நாட்களில் அக்கா வவுனியாவில் இருந்தார். இது நியாயமில்லாத நினைப்பு என்று எனக்கே தெரியும். என்றாலும் அது அங்கே கிடந்தது. அதை மறைத்து இதை எழுதினால் மிச்சமும் பொய்யாகிவிடும்.

அந்த வருடம் வைகாசியில் ஒரு முஸ்லிம் வியாபாரி புது லொறியோடு வந்தார். நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். முல்லைத்தீவுக்காரர். இருபது வருடத்துக்கு மேல் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, திரும்பி வந்து நெல் வியாபாரம் தொடங்கியிருந்தார். அவரே லொறியை ஓட்டுவார். பெட்டியைப் பின்னால் ஓரடி கூட்டி நீட்டித்தரச் சொன்னார். அக்கா முதலில் மறுத்தார். பிறகு இரண்டு நாள் கொப்பியோடு இருந்து கணக்குப் பார்த்துவிட்டு, இரண்டு குறுக்குச் சட்டம் கூட்டிப் போட்டால் நீட்டலாம் என்றார். அப்படியே கட்டினோம்.

பெட்டியைச் சேசியோடு பூட்டுவதற்கு எங்களிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. நடுவில் பாலைமரக் கட்டை வைத்து, யூ போல்ட் போட்டுச் சேசியைச் சுற்றிக் கட்டவேண்டும். சேசியில் துளை போடக்கூடாது. நெருப்பு வைக்கவே கூடாது. சூடு பட்டால் அந்த இரும்பு அந்த இடத்தில் முறுகிப்போகும், பாரம் ஏறி இறங்க ஒருநாள் வெடிக்கும். இது வேலைக்கு வரும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது.

வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு அக்கா மூன்று நாள் முந்தியே போய்விட்டார். ஐயாவின் இருதயத்துக்காக வைத்த நேர்த்திக்கடன். ஐயாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். நானாவின் லொறியை முடித்துக் கொடுத்துவிட்டு நானும் குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. பொங்கலுக்கு முதல்நாள் பூட்டும்போது பார்த்தால் யூ போல்ட்டில் இரண்டு குறைந்தது. வவுனியாவுக்குப் போய் எடுத்துவந்தால் அன்று முடியாது. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் வெளிக்கிட்டு நின்றார்கள். நானாவும் லொறியை எடுக்க வந்து கதிரையில் இருந்தார்.

முன்பக்கத்து இரண்டு இடத்திலும் சின்ன இரும்புத் தகடு வைத்து நான் சேசியோடு வெல்ட் பண்ணினேன். இரண்டு கிழமையில் நானா பெட்டியை இறுக்கிப் பார்க்க வருவார், அப்போது வெட்டியெடுத்துவிட்டுப் போல்ட் போடலாம் என்று நினைத்தேன். மேலே கறுப்புப் பெயின்ற் அடித்தேன். பார்த்தால் தெரியாது.

பொங்கலன்று அந்தச் சனத்துக்குள் அக்காவைக் கண்டேன். நெற்றி நிறைய வீபூதி, கையில் அர்ச்சனைத் தட்டு. முதல் கேள்வியே அதுதான்.

"நானாவின்ர லொறி போயிட்டுதோ?"

"ஓம் அக்கா, நேற்றே போயிட்டுது."

"யூ போல்ட் காணுமாய் இருந்ததோ? எனக்கு எண்ணிக்கையில ஒரு சந்தேகம்."

"காணுமாய் இருந்தது. ஒண்டும் குறையேல்லை."

அக்கா தட்டிலிருந்து வீபூதி எடுத்து என் மகளின் நெற்றியில் பூசிவிட்டுப் போனார்.

நானா இரண்டு கிழமையில் வரவில்லை. ஒரு மாதத்திலும் வரவில்லை. நான் அழைத்திருக்கலாம். முதலில் நாளைக்கு, பிறகு அடுத்த கிழமை என்று தள்ளினேன். பிறகு அது ஒன்றும் செய்யாது என்று நம்பத் தொடங்கினேன். பிறகு மறந்தேன்.

சிறுபோக அறுவடை நேரம். ஸ்கந்தபுரத்தில் நெல் ஏற்றிக்கொண்டு மில்லுக்கு வந்துகொண்டிருந்த நானாவின் லொறி ஒரு மதகடியில் குழிக்குள் இறங்கி ஏறியிருக்கிறது. சாரதி அறைக்குப் பின்னால் சேசி முறிந்து, பெட்டி முன்னுக்கு வந்து அறையை நெரித்துவிட்டது. நானாவின் வலது கால் உள்ளே அகப்பட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது.

இந்த ஊரில் ஒரு கால் இல்லாத மனிதரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சண்டையில் போனது என்று நினைத்துக்கொள்வார்கள். நானா சண்டைக்காலம் முழுவதும் புத்தளத்தில் இருந்தவர். இரண்டு காலோடும் திரும்பி வந்தவர்.

பொலிஸ் வந்து குழியையும் பாரத்தையும் எழுதிக்கொண்டு போனது. லொறியை இழுத்து எங்கள் வளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"பொடியைக் கழட்டு தம்பி. எங்க பிழைச்சது எண்டு பாக்கவேணும். எங்கட கையில பிழையெண்டால் அதை ஒத்துக்கொள்ளவேணும்."

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் தனியாகக் கீழே புகுந்து பார்த்தேன். வெடிப்பு தொடங்கிய இடம் என் வெல்டிங்கின் ஓரம். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. வெளிச்சம் பட்டு அந்த முறிவு வெள்ளி மாதிரி மின்னியது. சிறிது நேரம் அப்படியே படுத்துக் கிடந்தேன். பிறகு வெளியே வந்து காஸ் கட்டரை எடுத்தேன். இரண்டு தகட்டையும் வெட்டி எடுத்தேன். கிரைண்டரால் அந்த இடத்தைத் தேய்த்தேன். எண்ணெய் பூசி, மேலே மண்ணை அப்பினேன். இரண்டு குறைவது தெரியாமல் மிச்ச யூ போல்ட்டுகளையும் கழற்றிக் குவித்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறில்லை.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் வந்தார்கள். அக்கா கொப்பியோடு வந்து முறிந்த இடத்தை அளந்தார். பின்னால் போய் நீட்டிய ஓரடியை அளந்தார். திரும்பி வந்து மறுபடி அளந்தார்.

"பின்னுக்கு நீட்டினதுதான் அப்பா" என்றார். "பாரம் பின்னால இழுக்க இதில வந்து முறிஞ்சிருக்கு. என்ர கணக்குத்தான் பிழைச்சது."

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்ன சொல்லுறாய்?"

கிரைண்டர் அப்போதும் என் கையில் சூடாக இருந்தது. "எனக்குக் கணக்குத் தெரியாது ஐயா" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தையும் நான் பொய் சொல்லவேண்டி வரவில்லை. மீதியை அக்காவே எனக்காகச் சொல்லிக்கொண்டு போனார்.

அந்த வருட ஆயுத பூசைக்கு இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, படையல் முடிந்த பிறகு, ஐயா எல்லார் முன்னிலையிலும் என் தோளில் கை வைத்தார். "இனி இவன்தான் பொறுப்பு. இவன் சொன்னால்தான் லொறி வெளிக்கிடும்." தனக்கு வேண்டாம் என்று அக்கா தகப்பனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். பொறுப்பை மறுக்க எனக்கு வாய் இருந்தது. மறுக்கவில்லை. இன்னும் ஒன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அக்கா தன் கொப்பிகளையெல்லாம் ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார்.

"தம்பி, நீ கவனமானவன். இதில இருக்கிற அளவுகளை அப்பிடியே நம்பாத. ஆரும் படிச்ச ஆக்களிட்டக் காட்டிப்போட்டுச் செய்."

அடுத்த கிழமை ஸ்கந்தபுரத்தில் தாய்வழிக் காணியில் இருந்த வீட்டுக்குப் போய்விட்டார். பயிர் செய்தார், ஆடு கோழி வளர்த்தார் என்று கேள்விப்பட்டேன். கண்ணால் பார்க்கப் போகவில்லை.

எட்டு வருடம் நான் பொறுப்பாக இருந்தேன். கெட்ட பொறுப்பாளன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சேசிக்கு ஒரு முழம் கிட்ட யாராவது வெல்டிங் கம்பியைக் கொண்டுபோனாலே கத்துவேன். வேலையாட்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அக்காவின் கொப்பிகளை நான் யாரிடமும் காட்டவில்லை. காட்டவேண்டிய தேவை இல்லை என்பது எனக்குத்தானே தெரியும். அதே அளவுகளில் கட்டினேன். ஓரடி நீட்டிய பெட்டியைக்கூடப் பலருக்குக் கட்டிக்கொடுத்தேன். ஒன்றும் முறியவில்லை. கண்டி வீதியில் நெல் மூட்டை அடுக்கிக்கொண்டு அவை என்னைத் தாண்டிப் போகும்போது மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டி, போய் மறையும்வரை நிற்பேன். அக்காவின் கணக்குச் சரி, சரி என்று ஒவ்வொன்றும் என் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டு போவதுபோல இருக்கும்.

ஐயா படுக்கையில் விழுந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். அக்கா அவரைத் தன்னோடு வரச்சொல்லியும் அவர் வேலைத்தளத்துக்குப் பின்னாலிருந்த வீட்டைவிட்டுப் போக மறுத்துவிட்டார். பின்னேரங்களில் போய் அவரோடு இருப்பேன். ஒருநாள் முகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்ர பெட்டைக்குக் கணக்கு வருமெண்டுதான் நான் நம்பினனான். நம்பி ஒரு மனுசன்ர காலை எடுத்துப்போட்டன்."

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். புத்தியும் தெளிவாக இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம். "அதை விடுங்கோ ஐயா" என்று போர்வையை இழுத்துவிட்டேன். மகளைப் பற்றி அந்த நினைப்போடுதான் அவர் போனார். மற்றவற்றுக்கெல்லாம் ஏதோ கொஞ்சமாவது செய்யலாம். இதற்கு ஒன்றும் செய்யமுடியாது.

அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியதால் சில வருடமாக நாட்டுக்குள் புது வாகனம் வரவில்லை. பழையவற்றைத் திருத்திக்கொண்டிருந்தோம். மறுபடி வரவிட்ட பிறகு ஒருவர் புதுமாதிரிச் சேசி ஒன்று கொண்டுவந்தார். நாங்கள் கட்டியவற்றைவிட நீளம். சக்கரங்களின் இடமும் வேறு. அக்காவின் கொப்பிகளில் அதற்கு வழி இல்லை. எனக்குப் பாரக் கணக்குப் போடத் தெரியாது. மூன்று நாள் அந்தச் சேசியைச் சுற்றிவிட்டு, வேறு வழியில்லாமல் ஸ்கந்தபுரம் போனேன்.

அக்கா முற்றத்தில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். கதிரை எடுத்துப் போட்டு, குசினிக்குப் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். சேசியின் அளவுகள் எழுதிய கடதாசியை நீட்டினேன். வாங்கவில்லை.

"என்னட்டக் கேளாத தம்பி."

"உங்களை விட்டால் ஆரக்கா செய்யுறது?"

"நான் அளவு சொல்லி ஒரு மனுசன்ர கால் போனது. அதுக்குப் பிறகு நான் ஒண்டையும் அளக்கிறேல்லை." கையால் முற்றத்து மூலையைக் காட்டினார். அங்கே புதிதாக அடித்த ஒரு கோழிக்கூடு இருந்தது. "உந்தக் கூட்டுக்குத் தடி வெட்டக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தான் அளப்பிச்சனான். நாடாவைக் கையில எடுத்தால் எண்கள் எல்லாம் பிழையாய்த் தெரியுது. ஒண்டை நாலு தரம் பாக்கிறன், நாலு விதமாய்த் தெரியுது."

சொல்லிவிட்டு, தன்னைத்தானே கேலி செய்வதுபோலச் சிரித்தார்.

பொறுப்பைப் பறித்தேன் என்பதுதான் அதுவரை என் மனதில் இருந்த குற்றம். அவர் கையை, கண்ணை, படித்த படிப்பையெல்லாம் அவரே நம்பாமல் ஆக்கிவிட்டேன் என்பது அந்தக் கோழிக்கூட்டைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது.

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். சொன்னேன். போல்ட் குறைந்தது, வெல்ட் பண்ணியது, வற்றாப்பளையில் சொன்ன பொய், தகட்டை வெட்டி எடுத்தது, கிரைண்டரால் தேய்த்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.  முடித்ததும் அக்கா கேட்டார்:

"எந்தப் பக்கம்?"

"இரண்டு பக்கமும் அக்கா. வெடிச்சது இடப்பக்கம்."

"முதலாவது குறுக்குச் சட்டத்திலயிருந்து எவ்வளவு?"

"ஆறு அங்குலம்."

உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. ஆடு குழையைத் தின்று முடித்துவிட்டுக் கத்தத் தொடங்கியது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப அவர் நான்தான் எண்டு நினைச்சுக்கொண்டு போயிட்டார்."

 காலில் விழலாமா என்றுகூட நினைத்தேன். அது அவருக்கு இன்னொரு பாரம் என்று தோன்றியது.

"எழும்புங்கோ" என்றார். அதுவரை என்னை நீ என்று சொன்னவர். "முதல் நானாட்டப் போய்ச் சொல்லுங்கோ. பிறகு வேலைத்தளத்தில எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நான் என்ன செய்யுறதெண்டு யோசிக்கிறன்."

அடுத்த நாள் காலையிலேயே முல்லைத்தீவுக்குப் போனேன். நானா இப்போது வீட்டு முன்பக்கத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்துவிட்டு இருந்தார். வாங்கோ தம்பி என்றார். நான் கடைக்கு வெளியே நின்றபடியே சொன்னேன். உள்ளே போய் இருந்துகொண்டு சொல்ல மனம் வரவில்லை.

சொல்லி முடிக்க, இரண்டு பேர் சாமான் வாங்க வந்தார்கள். கடை இப்போது இல்லை என்று நானா கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

"அந்தப் பிள்ளை ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் இஞ்ச வாறவ" என்றார். "தெரியுமோ உனக்கு?"

எனக்குத் தெரியாது.

"பஸ்ஸில வருவா. இதில, நீ நிக்கிற இடத்தில நிண்டுகொண்டு, நானா என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு கேப்பா. வருஷா வருஷம் கேப்பா. நானும் மன்னிச்சிட்டன் பிள்ளை, மன்னிச்சிட்டன் எண்டு சொல்லுவன். என்ர மனுசி அழுவா. என்ன மன்னிப்படா அது? ஒண்டும் செய்யாத ஒருத்திக்கு எட்டு வருஷம் நான் மன்னிப்புக் குடுத்திருக்கிறன்."

குரல் உயர்ந்ததைக் கேட்டு அவர் மனைவி வெளியே வந்தார். நானா அவரை உள்ளே போகச் சொன்னார்.

"கால் போனதை நான் அல்லாஹ்ட விட்டிட்டன். அது உனக்கும் எனக்கும் இடையில இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையை இதில வந்து நிக்க வைச்சியே, அதை நான் எங்க கொண்டுபோய் விடுறது? என்னட்ட மன்னிப்புக் கேக்காத தம்பி. என்னட்ட இப்ப இல்லை. போ."

போனேன். 

அன்று பின்னேரம் முதலில் மனைவிக்குச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பொங்கலுக்கு நாங்கள் வெளிக்கிட்டு நிண்டதாலயோ?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அந்தப் பாரத்தையும் வேறொருவர் தலையில் வைக்கத் தைரியம் இல்லை. மறுநாள் காலை வேலை தொடங்க முன்னர் ஆட்களைக் கூப்பிட்டு, அந்தப் புதுச் சேசிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.  என்னிடம் வேலை பழகிய ஒருவர் கையுறையைக் கழற்றி நிலத்தில் போட்டுவிட்டு வெளியே போனார். இரண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை.

நான்காவது நாள் அக்கா வந்தார். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு நேரே சேசியடிக்குப் போனார். நாடா கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஒரு நுனியை என் கையில் தந்து பின்னால் போய்ப் பிடிக்கச் சொன்னார். முதல் அளவை வாசித்தார். நின்றார். மறுபடி வாசித்தார்.  எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பதினேழு அடி நாலு அங்குலம்" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்கட பக்கம் சரியோ?"

"சரி அக்கா."

"நீங்கள் சொன்னால் நான் நம்பேலாது. நுனியை அசைக்காமல் பிடியுங்கோ, நான் வந்து பாக்கிறன்."

வந்து என் பக்கத்து நுனியைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. கொப்பியில் எழுதினார். அன்று முழுவதும் அளந்தார். பின்னேரமாகும்போது ஒவ்வொரு எண்ணையும் ஒரு தரம்தான் வாசித்தார்.

பொறுப்பை எடுக்கச் சொல்லி நான் கேட்கவேண்டி வரவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. அவர் வந்த மூன்றாம் நாள் எல்லாரையும் கூப்பிட்டு, "இனி லொறி வெளிக்கிடுறதை நான்தான் சொல்லுவன்" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்கள் வெல்டிங்குக்குப் போங்கோ" என்றார். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். என் சாமான்களையெல்லாம் ஒரு பையில் போட்டும் வைத்திருந்தேன்.

இப்போது நான் அங்கே வெல்டர். என் ஒவ்வொரு வெல்டிங்கையும் அக்கா குனிந்து, ரோர்ச் லைற் அடித்துப் பார்ப்பார். மற்றவர்களுடையதைப் பார்ப்பதைவிட அதிக நேரம் என்னுடையதைப் பார்ப்பார். வேலையைத் தவிர வேறு கதை என்னோடு இல்லை. ஒருநாள் தனியாக நின்றபோது, நான் ஏதோ சொல்ல வாயெடுக்க, அவரே முந்திக்கொண்டார்.

"நான் உங்களை மன்னிக்கேல்லை. மன்னிப்பனோ எண்டும் தெரியாது. அதுக்காக வேலைக்கு வராமல் விட்டிடாதையுங்கோ. உங்கட கை எனக்குத் தேவை."

"ஓம் அக்கா" என்றேன்.

புதுமாதிரிச் சேசிக்குக் கட்டிய முதல் லொறி போன மாதம் வெளிக்கிட்டது. மணல் மூட்டைகளை ஏற்றி, பரந்தன்வரை ஓட்டிப் பார்த்தோம். அக்கா மோட்டார் சைக்கிளில் அதன் பின்னாலேயே போனார். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, பெட்டியின் வால்பக்கம் கொஞ்சம் ஆடுகிறது, கடைசிக் குறுக்குச் சட்டத்துக்குத் தான் போட்ட அளவு பிழை, மூன்று அங்குலம் முன்னுக்குத் தள்ளவேண்டும் என்றார். பிழை என்ற சொல்லை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். கொப்பியை எடுத்து, பழைய எண்ணை வெட்டிவிட்டுப் புதியதை எழுதினார்.

"கழட்டுங்கோ" என்றார்.

நான் கீழே புகுந்து போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினேன்.